பழமை பரிசோதனையாகுமா?

மூலிகை மருந்தொன்றை ஆய்வுகூடத்திற் சோதிக்கவேண்டும் என எவரேனும் கூறின், அது முன்னோரை அவமதிப்பதாகும் என்று வெகுண்டெழுவோர் தமிழரிடையே பலர். தலைமுறை தலைமுறையாக உண்ணப்பட்டு வந்ததற்கு இன்னுமொரு பரீட்சை எதற்கு என்பது அவர்தம் வினா. வலிமையுடையது போலத் தோன்றும் இவ்வினா, புற்றுநோய் என வரும்போது உயிரோடு விளையாடுகின்றது. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையை நாடி வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறையெடுத்துத் தங்குவோரின் செவியில் ஏதேனுமொரு வேரின் பெயர் விழாமற் போவதில்லை. அதனை நம்பிச் சிகிச்சையை இடையிற் கைவிடுவோர், நோய் பரவிய பின்னரே மீள்கின்றனர்.

கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டை இனத்துக் கிழங்கு ஆகிய மூன்றையும் சேர்த்துக் காய்ச்சும் குடிநீரொன்றை இலங்கைச் சுதேச வைத்தியர் சிலர் புற்றுநோயாளருக்கு நெடுங்காலம் கொடுத்து வந்துள்ளனர். இக்குடிநீரைப் பேராசிரியர் ஐரா தப்ரூ முதலிய இலங்கை ஆய்வாளர் புறக்கணித்தாரல்லர், சோதித்தனர். ஈரற் புற்றைத் தூண்டும் இரசாயனம் ஏற்றப்பட்ட எலிகளில் அது புற்றின் தொடக்க அறிகுறிகளைக் குறைத்தது என 2003இலும், மனித ஈரற் புற்றுக் கலங்களை அழித்தது என 2005இலும் ஆய்வுகள் வெளிவந்தன. 2006இல் நீண்டகால எலி ஆய்வொன்றும் வெளிவந்தது. பாராட்டத்தக்க பணி இது. ஆயின் இதனைக் காட்டிப் ‘பல்கலைக்கழகமே நிரூபித்துவிட்டது’ எனப் பறைசாற்றுவோர் அவ்வாய்வுகளைப் படித்தவரல்லர். எலியிற் புற்று முளையாமற் தடுத்தல் வேறு. மனித உடலில் வளர்ந்துவிட்ட கட்டியைத் தீர்த்தல் வேறு. கண்ணாடித் தட்டிலுள்ள கலங்களைச் செறிந்த உப்புநீரும் கொல்லும். குடலையும் ஈரலையும் கடந்து, போதிய அளவிற் கட்டியை அடைந்து, நல்ல கலங்களை விட்டுவைக்கின்றதா என்பதன்றோ கேள்வி? அதற்கு விடை மனிதரில் முறைப்படி நிகழ்த்தும் சோதனையாலன்றிக் கிட்டாது.

பட்டிப்பூவிலிருந்து புற்றுநோய் மருந்து வரவில்லையா என்பர். வந்ததுதான். யாழ்ப்பாணத்து முற்றங்களிலும் பூக்கும் அச்செடி பல நாடுகளில் நீரிழிவுக்கே பேர்பெற்றிருந்தது. கனடாவில் நோபிள், பீர் என்னும் இருவர் அந்த நம்பிக்கையைச் சோதிக்கப் புகுந்தபோது எலிகளின் சர்க்கரை குறையவில்லை. வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. அதிலிருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்ரின் 1958இல் அறிவிக்கப்பட்டது. மரபு சுட்டிய செடி சரி, சுட்டிய நோய் வேறு! சோதனை இன்றேல் அம்மருந்தே இல்லை.

தீங்கின் கதை இன்னும் கொடியது. காய்ச்சல் தணிந்ததா, வயிற்றோட்டம் நின்றதா என்பதை வைத்தியர் மூன்றே நாளில் கண்டுகொள்வார். ஒரு வேர் சிறுநீரகத்தைப் பல ஆண்டுகளாக மெல்லமெல்ல அரித்தால், அதனை எந்தக் கைராசிக்காரர் கண்டறிவார்? 1990களின் தொடக்கத்திற் பிரசெல்ஸ் நகரில் உடல்மெலிய மூலிகை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. சீனப் பெயர்கள் ஒத்திருந்தமையால் ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டொலோக்கியா இனச் செடியொன்று கலந்திருந்தது. பின்னர் அவருட் பலருக்குச் சிறுநீர்ப் பாதையிற் புற்றும் தோன்றியது. அவ்வினத்தின் அமிலம் மனிதரிற் புற்று விளைப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. நமது ஈச்சுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதே இனம். இரண்டும் நாட்டு மருந்தில் நெடுங்காலம் வழங்கியவை. புற்றுக்கு மருந்தென்று தேடிச் செல்லும் மூலிகைகளிடையே புற்றை விளைப்பதும் உண்டு என்பதைப் பழமைவாதிகள் எவ்வாறு விளக்குவர்?

மேலும், சோதனை மரபுக்கு அந்நியமானதன்று. தோலைக் கொப்புளிக்கச் செய்யும் சேங்கொட்டையைச் சுத்தி செய்யாது மருந்திற் சேர்த்தல் ஆகாது எனச் சித்த மருத்துவம் விதிக்கின்றது. நஞ்சை அஞ்சியவரே அவ்விதியை வகுத்தனர். அவர் வழிவந்தோம் என்போர், புறக்கோட்டை கபோஸ் ஒழுங்கைச் சாக்கில் இருப்பது உண்மையில் எந்த வேர் என்று கேட்கவும் கூசுகின்றனர்.

ஆங்கில மருத்துவரும் பழியினின்று தப்பார். சுதேச மருத்துவத்தை ஆராயவென 1962இல் நாவின்னையில் நிறுவப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையமும் புற்றுநோய் வைத்தியசாலையும் ஒரே மகரகமப் பகுதியில் உள்ளன. இரண்டுக்குமிடையே நோயாளி மட்டும் மறைவாக நடக்கின்றார். ஏசுவார்கள் என்றஞ்சிக் குடிநீரைப் பற்றி அவர் வாய்திறப்பதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. உள்ளே செல்லும் மருந்தோடு அது என்ன செய்கின்றது என்பதை எவரும் குறித்துவைப்பதுமில்லை. வேறென்ன குடிக்கிறீர்கள் என்று கடுகடுப்பின்றிக் கேட்டு, விடையை நோயாளியின் ஏட்டில் எழுதிவைக்க ஆய்வுகூடமும் வேண்டா, பெரும்பணமும் வேண்டா. மகரகமவில் அது நாளைக் காலையே தொடங்கலாம்.