ஏழு என்றால் எத்தனை டிகிரி?

ஓடைப்பட்டியில் திராட்சைக்கு உரம் வாங்குகிறவர் மூட்டையின் மேல் 17:17:17 என்று இருந்தால் கடைக்காரரிடம் விளக்கம் கேட்பதில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் நூற்றுக்குப் பதினேழு. 50 கிலோ மூட்டையில் தலா எட்டரை கிலோ. எந்த நிறுவனத்தின் மூட்டையானாலும் கணக்கு மாறாது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை அந்த எண்ணுக்குக் காவல் நிற்கிறது. சத்து குறைந்தால் வழக்குப் பாயும். பக்கத்து மலையான கொடைக்கானலில் 1895-லேயே கோல்ஃப் கிளப் தொடங்கிவிட்டார்கள். அந்த ஆட்டத்தின் இரும்பு மட்டைகளிலும் எண் பொறித்திருக்கிறது. அதற்குக் காவல் யாரும் இல்லை.

இரும்பு மட்டையின் எண் கூடக் கூட அதன் முகம் மல்லாந்து சாய்ந்திருக்கும். பந்து உயரே எழும்பிக் குறைந்த தூரத்தில் விழும். இந்தச் சாய்வுக்கு லாஃப்ட் என்று பெயர். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் 7-ஆம் எண் மட்டையின் லாஃப்ட் ஏறக்குறைய 36 டிகிரி. இன்று சாதாரண ஆட்டக்காரர்களுக்கென விற்கப்படும் 7-ஆம் எண் பலவற்றில் அது 28 முதல் 30 டிகிரிதான். பழைய கணக்கில் அது ஐந்தாம் எண். கோலையும் கொஞ்சம் நீட்டியிருப்பார்கள். கடையில் பழைய ஏழையும் புதிய ஏழையும் அடித்துப் பார்க்கிறவருக்குப் புதியது தூரம் போகத்தானே செய்யும்? தன் கைக்கு வலு கூடிவிட்டது என்ற மயக்கத்தில் காசை எண்ணி வைக்கிறார். வேடிக்கை அதோடு நிற்கவில்லை. குறுந்தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜ் 48 டிகிரியை ஒட்டி இருந்தது. அதுவும் பல செட்டுகளில் 43, 44 என்று நிமிர்ந்துவிட்டதால் அதற்கும் அடுத்த வெட்ஜுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அதை அடைக்க கேப் வெட்ஜ் என்று ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். கிழிசலைப் போட்டவரே ஒட்டுத்துணியும் விற்கிறார்.

தயாரிப்பாளர்கள் சொல்லும் பதிலை ஒதுக்கிவிட முடியாது. இப்போதைய மட்டைகளில் எடையை அடிப்பாகத்துக்கும் ஓரங்களுக்கும் நகர்த்தி, முகத்தை மெலிதாக்கியிருக்கிறார்கள். அதனால் பந்து முன்பைவிட எளிதாக மேலே எழும்புகிறது. லாஃப்டைக் குறைக்காவிட்டால் அளவுக்கு மீறி உயரும். இது உண்மையான பொறியியல். நடுவில் படாத அடியையும் ஓரளவு நேராக அனுப்பும் மட்டை, வாரம் ஒருமுறை ஆடுகிறவருக்கு நல்ல உதவியும்கூட. ஆனால் கோணம் மாறியதற்கு அது காரணமாகலாமே தவிர, எண் மாறாததற்கு ஆகாது. இணையதளத்தில் லாஃப்ட் பட்டியல் இருக்கிறதே என்பார்கள். ஆனால் வெட்ஜ்களில் 52, 56, 60 என்று மட்டையிலேயே டிகிரியைப் பொறிக்கிறார்கள். நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையில் 9, 10.5 என்று இருக்கிறது. பொறிக்கத் தெரிந்த கைதான். தூரப் பெருமை பேசி விற்கும் இரும்பு மட்டைகளில் மட்டும் டிகிரியைக் காணோம்.

பணக்காரர் விளையாட்டில் யார் ஏமாந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். தேனி மாவட்டத்தில் பிள்ளைக்கு கிரிக்கெட் மட்டை வாங்கும் தகப்பனும் இதே இடத்தில்தான் நிற்கிறார். இங்கிலீஷ் வில்லோ மட்டையில் 'கிரேடு 1' என்று இருக்கும்; பெரும்பாலும் மரத்தின் நிறத்தையும் ரேகையையும் பார்த்து, செய்கிறவரே கொடுத்துக்கொள்ளும் மார்க் அது. மட்டையின் ஓரம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. 2017-இல் விதி போட்டது. கோல்ஃபிலும் டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போக முடியாது. மட்டை என்ன செய்யலாம் என்பதற்கு எல்லை உண்டு, தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்ளலாம் என்பதற்கு இல்லை. விதி போடுகிறவர்கள் ஆட்டத்தைக் காக்கிறார்கள், வாங்குகிறவரைக் காப்பது அவர்கள் வேலையல்ல என்றால் அது அரசின் வேலை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தடுக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரும்பு மட்டையில் எண்ணுக்குப் பக்கத்தில் டிகிரியும், கிரிக்கெட் மட்டையில் கிரேடுக்குப் பக்கத்தில் அதன் அளவுகோலும் இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை உத்தரவிடட்டும். அதுவரை கடையில் ஏழு என்று சொன்னால், எத்தனை டிகிரி என்று கேளுங்கள்.