தங்கச்சியோட ஈ.என்.டி. சீட்டுக்கு நீங்க கையெழுத்து போடலாமா?

"தங்கச்சிக்குத் தனியார் காலேஜ்ல எம்.எஸ். ஈ.என்.டி. சீட் கிடைக்குது. அப்பா ரிட்டயர் ஆயிட்டார். லோனுக்கு என்னை கோ-அப்ளிகன்ட்டா போடச் சொல்றாங்க. போடலாமா?" பி.ஜி. கவுன்சலிங் சமயத்துல இந்தக் கேள்வி வராம இருக்காது. கேட்கிறவங்க பெரும்பாலும் உங்களை மாதிரி, வேலைக்குச் சேர்ந்து அஞ்சாறு வருஷம் ஆனவங்க.

என் கருத்து: காலேஜ் பேரை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அங்க படிக்கிறவங்க தங்கள் கையால எத்தனை ஆபரேஷன் பண்றாங்கன்னு முதல்ல விசாரிங்க.

ஈ.என்.டி. மூணு வருஷப் பயிற்சி. ஓ.பி., வார்டு, நடுராத்திரி மூச்சுத் திணறலோட வர்றவருக்குத் தொண்டையில துளை போடுற டிரக்கியாஸ்டமின்னு ஆரம்பிக்கும். அப்புறம் எண்டோஸ்கோப் வெச்சு சைனஸ் ஆபரேஷன், கழுத்துக் கட்டிகள், காதுக்குப் பின்னாடி எலும்பைக் குடையுற மாஸ்டாய்டு ஆபரேஷன். அந்த டிரில் ஓடுற இடத்துக்கு ரொம்பப் பக்கத்துலதான் முகத்தை அசைக்கிற நரம்பு போகுது. அது அறுந்தா நோயாளியோட ஒரு பக்க முகம் செயலிழந்துடும். அதனாலதான் நல்ல துறைகள்ல முதல்ல டெம்போரல் போன் லேப்ல, இறந்தவங்க எலும்புல பழக விடுவாங்க. படுக்கை காலியா கிடக்கிற ஆஸ்பத்திரியில மூணு வருஷம் இருந்தா டிகிரி வரும், கை வராது. அந்தக் கைக்காக மறுபடி ஃபெல்லோஷிப்னு குறைஞ்ச பணத்துக்குப் போகணும்.

உங்க இ.எம்.ஐ. ஆரம்பிக்கிறதும் அதே நேரத்துலதான். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 20 லட்சம்னு மொத்தம் 60 லட்சம், வட்டி 10 சதவீதம். படிப்பு 3 வருஷம், அதுக்கு மேல 1 வருஷம் இ.எம்.ஐ. கிடையாது. ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். தனி வட்டியே 18 லட்சம் சேர்ந்துடும். அந்த 78 லட்சத்தை 10 வருஷத்துல அடைக்க மாசம் சுமார் 1,03,000 ரூபாய். தங்கச்சி தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவைக்கு எம்.சிஎச். போகணும்னு ஆசைப்பட்டா இன்னும் 3 வருஷம். ஸ்டைபண்ட்ல இந்த இ.எம்.ஐ. கட்ட முடியுமா?

கட்டலைன்னா பேங்க் உங்களைத்தான் தேடும். கோ-அப்ளிகன்ட்டுன்னா சாட்சிக் கையெழுத்து இல்ல, அது உங்க கடன். உங்க சிபில் ரிப்போர்ட்ல நிக்கும், நாளைக்கு நீங்க ஹவுஸ் லோன் கேட்கிறப்போ தகுதியைக் குறைக்கும். இதுல ஒரு வேடிக்கை வேற இருக்கு. கல்விக் கடன் வட்டிக்கான 80ஈ கழிவு உங்களுக்கும், கணவன் மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கும்தான். கூடப் பிறந்தவங்க அந்தப் பட்டியல்ல இல்ல. வட்டியை முழுசா நீங்களே கட்டினாலும் வரியில பைசா குறையாது. புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு இந்தக் கழிவே கிடையாது.

அதனால கையெழுத்துக்கு முன்னாடி அந்த காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்கிற ரெண்டு பேர்கிட்ட தங்கச்சியைப் பேசச் சொல்லுங்க. ஒவ்வொரு பி.ஜி.யும் லாக்புக் எழுதியாகணும். அதுல பார்த்தது, அசிஸ்ட் பண்ணினது, தானே பண்ணினதுன்னு தனித்தனியா இருக்கும். மாஸ்டாய்டுல தானே பண்ணினது எத்தனைன்னு கேட்கச் சொல்லுங்க. பதில் மழுப்பலா வந்தா அந்த சீட் வேண்டாம்.

வேற வழி இருக்கு. சென்னை மெடிக்கல் காலேஜ் மாதிரி கூட்டம் நெரியிற அரசு இடங்கள்ல ஃபீஸும் குறைவு, கேஸும் அதிகம். சர்வீஸ் பாண்ட் விதிகளை மட்டும் முன்னாடியே படிச்சுடுங்க. கேஸ் அதிகமா வர்ற ஆஸ்பத்திரியில டி.என்.பி. ஈ.என்.டி.யும் அதே 3 வருஷம்தான். இதுக்காக நீட் பி.ஜி. இன்னொரு தடவை எழுத வேண்டி வந்தாலும் நான் அதைத்தான் சொல்வேன். ஒரு வருஷம் போச்சேன்னு வீட்டுல புலம்புவாங்க, புலம்பட்டும்.

விசாரிச்சதுல திருப்தின்னா தாராளமா கையெழுத்து போடுங்க. அதே வாரம் தங்கச்சி பேர்ல கடன் தொகைக்குக் குறையாம ஒரு டெர்ம் இன்சூரன்ஸ் எடுத்துடுங்க. பிரீமியத்தை வேணும்னா நீங்களே கட்டுங்க.