வீட்டில் 3 கஞ்சாச் செடி!
கிள்ளிய இலைக்கும் கணக்கு உண்டு

ஜெர்மனி நாட்டில் இப்போது ஒரு புதுத் தோட்ட வேலை நடக்கிறது. ஜன்னல் ஓரத்துத் தொட்டியில் கஞ்சாச் செடி வளர்க்கிறார்கள். திருட்டுத்தனமாக அல்ல, சட்டப்படி!

2024-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி, ஜெர்மன் பார்லிமெண்டில் இதற்கான மசோதா ஓட்டுக்கு விடப்பட்டது. ஆதரவாக 407 ஓட்டுகள். எதிராக 226 ஓட்டுகள். ஏப்ரல் 1-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது.

"தடை போட்டும் பயன் இல்லை. கள்ளச் சந்தைதான் கொழுக்கிறது" என்பது அப்போது சுகாதார மந்திரியாக இருந்த கார்ல் லாட்டர்பாக்கின் வாதம்.

18 வயது நிரம்பியவர்கள், தங்கள் சொந்த உபயோகத்துக்காக, ஆளுக்கு 3 செடி வளர்க்கலாம். காய்ந்த நிலையில் 50 கிராம் வரை வீட்டில் வைத்திருக்கலாம். வெளியே எடுத்துச் செல்வது 25 கிராமைத் தாண்டக் கூடாது.

அடி இலை

செடி வளர்ப்பவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம், "இளஞ்செடியின் அடி இலைகளைக் கிள்ளலாமா?" என்பதுதான்.

கஞ்சா விதை முளைத்ததும் இரண்டு சிறு வித்திலைகள் விரியும். அடுத்து வரும் இலையின் ஓரம் ரம்பம் போல இருக்கும். முதல் இலைக்கு ஒரே விரல். பிறகு மூன்று விரல், ஐந்து விரல், ஏழு விரல் என்று இலை அகன்றுகொண்டே போகும்.

இலைதான் செடியின் அடுப்பங்கரை. வெயிலை வாங்கி அங்கேதான் உணவு சமைக்கிறது. நாலைந்து இலை மட்டுமே உள்ள இளம் செடியில் இரண்டைப் பிடுங்கினால், பாதி அடுப்பை அணைத்தது போல ஆகும். செடி சவலையாகிவிடும்.

வித்திலைகள் தம் வேலை முடிந்ததும் தாமே பழுத்து உதிரும். செடி உயர்ந்த பிறகு, மண்ணைத் தொடும் இலை, நிழலில் கிடந்து பழுத்த இலை ஆகியவற்றை எடுப்பது உண்டு. ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்காமல் இருக்க அது உதவும். தக்காளிச் செடிக்கும் இதே வழக்கம்தான்.

கிள்ளிய இலை எங்கே?

இனிமேல்தான் சிக்கல்.

கஞ்சாவின் போதைச் சத்து பெரும்பாலும் பெண் செடியின் பூவில் இருக்கிறது. பூவைச் சுற்றி ஊறும் பிசினில்தான் அது அதிகம். இளஞ்செடியின் அடி இலையில் மிகவும் குறைவு.

ஆனால் ஜெர்மன் சட்டம் பூவோடு நிற்கவில்லை. இலை உட்பட செடியின் மற்ற பாகங்களையும் காய்ந்த எடைப்படி கணக்கில் சேர்க்கிறது. கிள்ளிய இலையைச் சேர்த்து வைத்தால் அதுவும் 50 கிராமில் அடங்கவேண்டும். வீட்டில் விளைந்ததை அடுத்த வீட்டாருக்கு இனாமாகக்கூடக் கொடுக்கக் கூடாது.

குழந்தைகள் கைக்கு எட்டாமல் செடியைப் பாதுகாக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. வளரும் வயதில் கஞ்சா மூளைக்குக் கெடுதல் செய்யும். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குத் தடை அப்படியே இருக்கிறது.

இதை யார் கண்காணிப்பது? ஒவ்வொரு வீட்டுக்கும் போலீஸ்காரர் வந்து இலையை எண்ண முடியாது. தொட்டிக்குப் பூட்டு உண்டா, பிள்ளைகள் அந்த அறைக்குப் போகிறார்களா என்று தினமும் பார்க்கவும் முடியாது. ஆகவே, காவல் வேலை வீட்டுப் பெரியவர்களின் தலையில் விழுந்திருக்கிறது. அவர்கள் கண்ணயர்ந்தால் சட்டமும் கண்ணயர்ந்துவிடும்.

சட்டத்தை எதிர்த்தவர்களின் பயமும் அதுவே. 2025 மே மாதம், எதிர்த்து ஓட்டளித்த கட்சியின் தலைவர் பிரீட்ரிக் மெர்ஸ் பிரதமர் ஆனார். அவருடைய கூட்டணி சட்டத்தை உடனே ரத்து செய்யவில்லை. அதன் பலனை முதலில் ஆராய்வது என்று முடிவு செய்தது.

இந்தியாவில் என்ன நிலை?

இந்தியாவில் 1985-ம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வேறு விதமாகப் பிரிக்கிறது. பூவும் காயும் கொண்ட நுனிதான் கஞ்சா. நுனி இல்லாத வெறும் இலை அந்த விளக்கத்தில் வராது. அதனால்தான் உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் இலையில் செய்யும் பாங்கு, லைசென்சு பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. இலையை அனுமதிப்பதும் தடுப்பதும் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் செடி வைக்கலாமே" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது! இலைக்கு விலக்கு உண்டே தவிர, செடிக்கு இல்லை. அனுமதி இன்றி ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். 10 ஆண்டு வரை கடுங்காவல் கிடைக்கலாம். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஜெர்மனியில் படிக்கும், வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அங்கே தொட்டியில் இருக்கும்வரை அது சட்டத்துக்கு உட்பட்ட செடி. பெட்டியில் வைத்து விமானம் ஏறினால் கடத்தல் சரக்கு! விடுமுறைக்கு வரும் பிள்ளைக்குப் பெற்றோர் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.