தருபவரை வரவு வை!

மொழியியல் பேராசிரியர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். நண்பர்தான்.

'உங்களுக்கு நீலகிரிப் பக்கம் ஆளுங்களைத் தெரியுமே சார்... கோத்தர்கள்ல நல்லா பேசக்கூடியவங்க யாராவது இருந்தா நம்பர் கொடுங்களேன். எங்க துறையில நாலைஞ்சு பேர்கிட்டயும் கேட்டு வெச்சிருக்கேன்.'

'எத்தனை நாள் வேலை? அவருக்கு என்ன தருவீங்க?'

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'ஆராய்ச்சிதானே சார்... டீ, டிபன் எல்லாம் நாங்க பார்த்துப்போம்.'

நான் நம்பர் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆள் தேடுவது தப்பே இல்லை. மொழியியலே இப்படிக் கேட்டுக் கேட்டு வளர்ந்ததுதான். கனடாவில் பிறந்த எமனோ 1935-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதற்குக் காரணம், யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சபீர் காட்டிய வழி. தோடர் மொழியைத் தேடி நீலகிரிக்கு வந்த எமனோவுக்கும், மானிடவியலாளர் மேண்டல்பாமுக்கும் அங்கே கிடைத்த பொக்கிஷம் கே.சுல்லி. ஆங்கிலம் படித்த கோத்தர். முடியை வெட்டிக்கொண்டு ஊர்ப் பகையைச் சம்பாதித்த சீர்திருத்தக்காரர்.

1944-லிருந்து 1946 வரை நான்கு பகுதிகளாக எமனோ வெளியிட்ட 'கோத்தா டெக்ஸ்ட்ஸ்' கதைகள், சுல்லி சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. பிறகு 1961-ல் பர்ரோவும் எமனோவும் சேர்ந்து திராவிட சொற்பிறப்பியல் அகராதியைக் கொண்டு வந்தார்கள். அதில் கோத்தர் மொழிச் சொற்கள் ஏராளம். தமிழ்ச் சொல்லின் வயதை நிரூபிக்க நாம் மேடையில் தூக்கிக் காட்டுவது அந்த அகராதியைத்தான். எமனோவைத் தெரிந்த தமிழாசிரியர்கள் நிறைய பேர் உண்டு. சுல்லியைத் தெரிந்தவர்கள்?

எமனோவைக் குறை சொல்லமாட்டேன். அவர் பெயரைப் பதிவு செய்ததால்தான் சுல்லியை இன்று நமக்குத் தெரிகிறது. மேண்டல்பாம் ஒரு படி மேலே போய், சுல்லியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஆனால், புத்தக அட்டையில் இருப்பது ஒரே பெயர்தான்.

இன்றைக்கு அந்த மரியாதையைக்கூட எல்லோரும் தருவதில்லை. 'தகவலாளி 3, பெண், வயது 62' என்று ஒரு வரியில் கதை முடிந்துவிடுகிறது. கேட்டால், அடையாளத்தை மறைப்பது ஆய்வு நெறியாம். சரி, மறைக்கச் சொன்னது யார்? அந்த அம்மாவிடம் கேட்டீர்களா? 'என் பேரைப் போடுங்க' என்று அவர் ஆசைப்பட்டிருக்கலாம் இல்லையா?

காசு விஷயத்துக்கு வருவோம். ஆராய்ச்சியாளருக்கு உதவித்தொகை உண்டு. பயணப்படி உண்டு. ஊட்டி வரை காரை ஓட்டிய டிரைவருக்கு பேட்டா உண்டு. தோட்ட வேலைக்கு லீவு போட்டு, கூலியை இழந்து, நாள் முழுக்க உட்கார்ந்து தன் பாட்டி சொன்ன சொல்லை எல்லாம் ஞாபகப்படுத்திச் சொன்னவருக்கு? டீ!

'காசு கொடுத்தால் தகவல் கெட்டுப்போகும்' என்கிறார்கள் சிலர். பேராசிரியருக்கு மாதா மாதம் சம்பளம் வருகிறதே, அதனால் அவர் ஆராய்ச்சி கெட்டா போய்விட்டது?

எனக்கு மொழியியல் தெரியாது. படித்தது பி.காம். கணக்குப்பதிவியலில் முதலில் சொல்லிக்கொடுத்த விதி இதுதான்: பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. மொழி ஆராய்ச்சிப் பேரேட்டில் வரவுப் பக்கம் காலியாகவே கிடக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உட்கார்ந்த நாளுக்குக் கூலி. அவர் விரும்பினால் நூலில் பெயர். பதிவு செய்த குரலின் ஒரு பிரதி, அச்சான புத்தகத்தின் ஒரு பிரதி, அந்த ஊருக்கே திரும்பிப் போகவேண்டும். தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் பேசுகிறவர்கள் தலா சில ஆயிரத்தைத் தாண்டமாட்டார்கள். நாளைக்கு அவர்களின் பேரப்பிள்ளை தன் மொழியைத் தேடி ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகத்துக்கு விண்ணப்பம் போடவேண்டுமா?

நேற்று நண்பர் மறுபடியும் கூப்பிட்டார். 'நாள் கூலியை பட்ஜெட்ல சேர்த்துட்டேன் சார். இப்பவாவது நம்பர் கொடுப்பீங்களா?'

'முதல்ல அவர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்' என்றேன்.