வயலுறுதியும் கடல் கடந்த கல்வியும்

படுவான்கரை உழவர் ஒருவர் காணி உறுதியைக் கையிலெடுத்து மண்முனைத் துறையிற் பாதையேறினால், முன்னாளில் அதன் காரணம் மகளின் சீதனமாகவோ எல்லை வழக்காகவோ இருக்கும். 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. பாதையின் தேவை ஒழிந்தது. காரணமும் மாறிவருகிறது. கனடாவிலுள்ள தொழிற்கல்லூரிக்கு மகனை அனுப்ப இன்று அவ்வுறுதி ஈடு வைக்கப்படுகிறது.

பிள்ளைகள் கடல் கடந்து கற்பதை நாம் எதிர்ப்பவரல்லர். 1972இன் தரப்படுத்தலையும் 2022இன் பொருளாதார வீழ்ச்சியையும் கண்ட மக்கள், ஒரு வாயில் அடைபட்டால் மறுவாயில் தேடுவதைக் குறை கூற முடியுமா? ஆயினும், கையொப்பமிடுமுன் உடன்படிக்கையை வாசிக்க வேண்டும் என்பது சட்டத்தின் முதற்பாடம்.

தரகர் கூறுவன இரண்டு: படிப்பு, வேலைப்பயிற்சி. கேட்போர் செவியில் இவை உத்தியோகம், குடியுரிமை என ஒலிக்கின்றன. உண்மை யாது? வேலைப்பயிற்சி பாடநெறியின் ஓர் அங்கமே. அது மொத்தப் படிப்பிற் பாதிக்கு மேற்படலாகாது. படிப்போடு அதுவும் முடிவுறும். படித்தபின் தங்கி வேலை செய்வதற்கான அனுமதி வேறு. தனியார் தொழிற்கல்லூரிகளிற் பெரும்பாலானவற்றின் சான்றிதழ் அவ்வனுமதியைத் தருவதில்லை. அரசினர் கல்லூரியின் பாடத்திட்டத்தை உரிமம் பெற்று நடத்தும் தனியார் கல்லூரிகளிலும், 2024 மே 15 முதல் படிப்பைத் தொடங்குவோருக்கு அவ்வாயில் அடைக்கப்பட்டுவிட்டது. கியூபெக் நீங்கலான மாகாணங்களில், வாழ்க்கைச் செலவுக்கென ஒரு மாணவர் காட்டவேண்டிய பணம் 10,000 டொலரிலிருந்து 2024 சனவரியில் 20,635 ஆகவும், 2025 செப்டெம்பரில் 22,895 ஆகவும் உயர்த்தப்பட்டது. கல்லூரிக் கட்டணமும் பயணச் செலவும் இதற்குப் புறம்பு.

மட்டக்களப்பு மரபிற் காணியும் வீடும் பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகச் செல்வன. எனவே மகனின் பயணம் தோல்வியுற்றால், அக்கடனை இறுப்பவள் ஊரிலிருக்கும் தங்கை. அவள் எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிட்டவள் அல்லள்!

பெற்றாரே! எந்தக் கல்லூரி, எந்தப் பாடநெறி, முடித்தபின் வேலை அனுமதி உண்டா என்பவற்றைக் கனடா அரசின் குடிவரவுத் திணைக்களம் வெளியிடும் பட்டியலிற் பார்த்தறியாமல், நொத்தாரிசின் முன்னே பேனாவைத் தொடாதீர். கற்றறிந்த வைத்தியரே, ஆசிரியரே, சட்டத்தரணிகளே! அப்பட்டியலைக் கமக்காரர் கூட்டங்களில் வாசித்து விளக்குவது நமது கடன். அதற்குக் கூலி கேட்பது இழிவு.

அரசையும் கேட்கிறோம். வெளிநாட்டு வேலைக்கு ஆளனுப்பும் முகவர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். படிப்புக்கு ஆளனுப்பும் தரகரையும் அதே கண்டிப்புக்குள் நிறுத்துக. வாவியின் இரு கரையிலும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ்ப் படிப்புகளைத் தமிழிற் பெருக்குக. பயிற்சிக்குரிய பட்டறைகளையும் அமைத்துத் தருக. கைத்தொழிலும் சான்றிதழும் உடையவன் போகும்போது தரகரின் தயவை நாடான்.

போகிற பிள்ளை போகட்டும், வாழட்டும். ஆனால் திரும்பிவர நேர்ந்தால், அவன் கால் வைக்க ஒரு வயல் இருக்க வேண்டும்.