வேட்டை போகட்டும், மோப்பம் போகலாமா?

மெக்கானிக்கல் படிப்பவனுக்குக் கவுதாரியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். அண்ணாகிராமம் ஒன்றியத்தில் பிறந்த எவனுக்கும் அது தெரியும். கெடிலம் கரையிலும் முந்திரித் தோப்பு ஓரத்து முள்வேலியிலும் விடியற்காலையில் அது போடும் சத்தத்தில் கும்பகர்ணனே எழுந்துவிடுவான். மயில், காட்டுக்கோழி, காடை, கவுதாரி எல்லாம் ஒரே குடும்பம். வெள்ளைக்காரன் நாயை வைத்து வேட்டையாடும் 'பெசன்ட்' பறவையும் அந்தக் குடும்பம்தான்.

அங்கே பாயின்டர் என்று ஒரு நாய் ஜாதி. பறவை வாசம் பட்டதும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நிற்கும், பாயாது. நம்ம சிப்பிப்பாறையும் கன்னியும் வேறு ரகம். கண்ணால் பார்த்து ஓடிப் பிடிப்பவை, முயலுக்கு லாயக்கானவை. எங்க ஊர்ப் பெரியவர்கள் பழக்கியதோ பெயரில்லாத நாட்டு நாயை! குட்டியை வயசான நாயோடு சேர்த்துப் புதருக்கு அனுப்புவார்களாம். கவுதாரி லேசில் பறக்காது, புதருக்குள்ளேயே ஓடும். அவசரப்பட்டுப் பாய்கிற குட்டிக்கு அன்றைக்கு வேலை கிடையாது, கட்டிப் போட்டுவிடுவார்கள். "வாசன புடிச்சா நிக்கணும்டா, கொலைக்கக் கூடாது" என்பார் எங்க தாத்தா. அடித்துப் பழக்கினால் நாய் ஆளைப் பார்க்குமே தவிர பறவையைப் பார்க்காது என்பது அவர் கட்சி.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறு வேட்டைக்கு லைசென்சாவது இருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. எடுத்தது சரியே! தரையில் முட்டையிடும் பறவை அது. அடைகாக்கும் தாயைப் பிடித்தால் ஒரு கூடே போயிற்று. "பரம்பரைப் பழக்கம்டா" என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். ராத்திரியில் பைக்கில் போய், பேட்டரி லைட் அடித்து, வலை வீசுவதில் எந்தப் பாட்டன் இருக்கிறான்? எனக்குப் புரியவில்லை.

ஆனால் வேட்டையோடு சேர்த்து அந்த வித்தையையும் புதைக்க வேண்டுமா? இதுதான் என் கேள்வி.

இருளர்களைப் பாருங்கள். பாம்புத்தோல் வியாபாரம் தடைபட்டபோது பிழைப்பே போனது. 1978-ல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் வந்தது. அதே கை, அதே கண்! பாம்பைப் பிடித்து, மருந்துக்கு விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

நாய்க்கும் இப்படி ஒரு வழி உண்டு. 1890-களிலேயே நியூசிலாந்தில் ரிச்சர்ட் ஹென்றி என்பவர், நாய்க்கு வாய்க்கூடு போட்டு, பறக்க முடியாத காகபோ கிளிகளையும் கிவிகளையும் மோப்பத்தால் கண்டுபிடித்து, காப்பாற்றுவதற்காகத் தீவுக்குக் கொண்டுபோனார். இன்றும் அந்நாட்டில் அரசே நாய்களுக்குத் தேர்வு வைத்து இந்த வேலைக்கு அனுப்புகிறது. ஸ்காட்லாந்தில் குரௌஸ் பறவைகளை எண்ணுவதே பாயின்டர் நாயை வைத்துத்தான்.

நம் ஒன்றியத்தில் என்ன நடக்கிறது? வரப்பு வேலியைப் பொக்லைன் வழித்துக்கொண்டு போகிறது. வேலி போனால் கவுதாரிக்கு ஒதுங்க இடமேது? சட்டப் புத்தகத்துக்குள் போய் முட்டையிடுமா? எந்த வேலியில் எத்தனை மிச்சம் என்று முதலில் எண்ண வேண்டும். புதருக்குள் இருப்பதை நம் கண் எண்ணாது, நாயின் மூக்கு எண்ணும்.

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த என்.எஸ்.எஸ். முகாமில், வனத்துறை அனுமதியோடு, அடைகாக்கும் காலம் தவிர்த்து, நாய் பழக்கத் தெரிந்த பெரியவர்களை அழைத்து இந்தக் கணக்கை எடுப்போம். சும்மா வேண்டாம், நாள் கூலி கொடுத்தே கூப்பிடுவோம், வித்தைக்காரர்கள் அவர்கள். "நாய் கடிச்சிட்டா?" என்று கேட்பவர்களுக்கு: வாய்க்கூடு செய்ய நம்ம ஒர்க்‌ஷாப் இருக்கவே இருக்கிறது.