பட்டை கொல்லவில்லை, பேரல்தான் கொன்றது

1/ வெளிநாட்டில் இருக்கும் நண்பன் ஒருவன் வீட்டிலேயே பியர் காய்ச்சுவான். அங்கே அதற்கு அனுமதி உண்டு. போன வாரம் போன் பண்ணினான். "ஃபார்ம்ஹவுஸ் ஏல்ல இதுவரை கேள்விப்படாத ஒரு ஹாப்ஸ் ரகம் போடலாம்னு இருக்கேன். மெத்தனால் வந்துடுமாடா? கள்ளக்குறிச்சி மாதிரி ஆயிடுமா?"

2/ வராது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. பியருக்குக் கசப்பும் வாசனையும் தருவது, சில கிருமிகளை வளரவிடாமல் தடுப்பது, இதுதான் அதன் வேலை. ரகம் மாறினால் ருசி மாறும். பிடிக்கலன்னா கீழ ஊத்திடலாம், அவ்வளவுதான்.

3/ ஆனால் அவன் கேட்ட கேள்வி எனக்குப் புதிதல்ல. கல்வராயன் மலை ஊறலைப் பற்றி நம்ம ஊரிலும் இதைத்தான் கேட்கிறார்கள். "பட்டையை மாத்திப் போட்டுட்டாங்களாமே", "ஊறல் கெட்டுப் போச்சாமே" என்று.

4/ மலையில் ஊறல் என்றால் வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய். பட்டையும் கடுக்காயும் தருவது துவர்ப்பு. வெல்லத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று எத்தனால் ஆக்கும். மெத்தனால் முக்கியமாக பழங்களில் இருக்கும் பெக்டின் என்ற பொருளிலிருந்து சிறிதளவு வரும். வெல்லத்தில் அது மிகக் குறைவு. ஒரு தெருவையே சாய்க்கும் அளவு மெத்தனால் ஊறல் பானையிலிருந்து வராது.

5/ காய்ச்சிய சாராயத்துக்கு நான் வக்காலத்து வாங்கலை. அது கல்லீரலைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும். சட்டப்படியும் குற்றம். நான் சொல்வது வேறு: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தது பட்டையாலோ பானையாலோ அல்ல. பாக்கெட்டில் கலந்திருந்த மெத்தனாலால்.

6/ மெத்தனால் ஒரு தொழிற்சாலை ரசாயனம். பெயின்ட், தின்னர் மாதிரி பொருட்களில் பயன்படுவது. பார்க்கவும் முகரவும் சாராயம் மாதிரியே இருக்கும். அது காட்டில் விளைவதில்லை, பேரலில் வருகிறது.

7/ உடம்பில் என்ன செய்யும்? கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும், பிறகு ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தாக்கும், ரத்தத்தை அமிலமாக்கும். இதற்கு நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம். கூட எத்தனாலும் இருந்தால் இன்னும் தள்ளிப் போகும்.

8/ அதனால் ராத்திரி குடிச்சவர் காலையில் நல்லாத்தான் இருப்பார். "எனக்கு ஒண்ணும் ஆகல" என்பார். அதை நம்பாதீங்க. வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போன்ற பார்வை, இதில் எது வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி.

9/ சீக்கிரம் வந்தால் வைத்தியம் உண்டு. மாற்று மருந்து, அமிலத்தைக் குறைக்க பைகார்பனேட், டயாலிசிஸ். எத்தனாலும் ஒரு மாற்று மருந்துதான். அதுக்காக வீட்டில் குவார்ட்டர் வாங்கிக் கொடுத்துட்டு காத்திருக்காதீங்க. அளவு பார்த்து, ரத்தப் பரிசோதனை பார்த்து நாங்க கொடுக்கணும். போன பார்வையைத் திருப்பித் தர பல நேரம் எங்களாலும் முடியாது.

10/ இப்போ என் கருத்து. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் மலைக்குப் போய் பானையை உடைக்கிறோம். "ஆயிரக்கணக்கான லிட்டர் ஊறல் அழிப்பு" என்று போட்டோவோடு செய்தி வரும். மலையில் வாழும் பழங்குடி மக்கள் எல்லாரும் சாராயக்காரர்கள் என்ற பேச்சும் கூடவே வரும். பேரல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ரெண்டே வாரத்தில் மறந்து போகும்.

11/ 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பக்கம் 20 பேருக்கு மேல் செத்தார்கள். தொழிற்சாலை மெத்தனால் என்று காவல்துறையே சொன்னது. 13 மாதத்தில் கருணாபுரம். அது மலையுச்சி இல்லை. நகரத்தின் நடுவில், காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடம்.

12/ அதற்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனையைக் கூட்டினார்கள். சரிதான். ஆனா தண்டனை சாவுக்குப் பின்னால் வருவது. சாவுக்கு முன்னால் தடுக்க ஒரே வழி, மெத்தனால் பேரல் ஒவ்வொன்றுக்கும் கணக்கு. எத்தனை லிட்டர் வந்தது, எங்கே செலவானது, மிச்சம் எங்கே? ஆஸ்பத்திரியில் ஒரு மார்ஃபின் ஊசிக்கு நாங்க ரெஜிஸ்டரில் கணக்கு எழுதுகிறோம். ஒரு பேரல் விஷத்துக்கு எழுத முடியாதா?

13/ கடைசியா உங்களுக்கு. போலீஸுக்குப் பயந்து லேட்டா வராதீங்க. வந்ததும் "சாப்பாடு ஒத்துக்கல" என்று மறைக்காதீங்க. எத்தனை மணிக்குக் குடிச்சார், கூட யார் யார் குடிச்சாங்க, இந்த ரெண்டையும் டியூட்டி டாக்டரிடம் முதலில் சொல்லுங்க. கூடக் குடிச்சவங்க நல்லா இருந்தாலும் கையோடு கூட்டிட்டு வாங்க. அவர்களைத்தான் முழுசாகக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.